வழி சொன்னவர்கள்

"கோயில்ல சத்தியமா? வேணவே வேணாம் ஆச்சி!" என்று பதறினார் நாகநாதன். "சத்தியம் பண்ணிட்டு, மனுசன் மறந்து ஒரு வாய் குடிச்சுட்டாருன்னு வைங்க. அந்தச் சாமி குத்தம் யாரு தலையில விடியும்? கல்யாணத்துக்கு நிக்கிற பொண்ணு தலையிலதான்!"

சாலா ஆச்சிக்குத் திக்கென்றது. இதை அவள் யோசித்துப் பார்த்ததே இல்லை.

போன மாதம் மகள் சிட்டாளைப் பெண் பார்க்க நேமத்தான்பட்டியிலிருந்து வந்திருந்தார்கள். எல்லாம் பேசி முடிந்து வெற்றிலை மடிக்கிற நேரத்தில், ஆச்சியின் கணவர் சாத்தப்பச் செட்டியார் மாடியிலிருந்து ஆடிக்கொண்டே இறங்கி வந்தார். மாப்பிள்ளையின் அப்பாவை ஏற இறங்கப் பார்த்து, "நீங்க யாரு, இங்குட்டு என்ன சோலியா வந்தீக?" என்று கேட்டார். வந்தவர்கள் காப்பியைக்கூடத் தொடாமல் வண்டியேறிவிட்டார்கள். அன்றிலிருந்து சிட்டாள் அப்பாவோடு பேசுவதில்லை.

நேற்று செட்டியார் தானாகவே வந்து, "நிறுத்திடுறேன் சாலா" என்றார். இன்று விடிந்ததும் டிரைவர் மருதுவைக் கூட்டிக்கொண்டு காரில் எங்கோ கிளம்பியும் போய்விட்டார்.

நிறுத்துவது சரி, எப்படி நிறுத்துவது? அதைக் கேட்கத்தான் அவருடைய சிநேகிதர்கள் இருவருக்கும் அவள் ஆள் அனுப்பியிருந்தாள்.

சும்மா சொல்லக்கூடாது, அப்படிப்பட்ட சிநேகிதர்கள் லேசில் கிடைக்க மாட்டார்கள். நாகநாதன் ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர். கோட்டைச்சாமி பஞ்சாயத்து மெம்பர். காந்தி ஜெயந்திக்குக் காந்தி ஜெயந்தி, குடியின் கேட்டைப் பற்றி அவர் பேசும் பேச்சில் மைக்கே கண்ணீர் விடும். செட்டியார் அளவு மீறிவிடக் கூடாதே என்று இருவரும் தினமும் பொழுது சாய மாடியேறிப் போய் அவர் கூடவே உட்கார்ந்திருப்பார்கள். அவரோடு மல்லுக்கட்டிக் களைத்துப்போய், கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கும் அவர்களைப் பார்க்க அவளுக்கே பாவமாக இருக்கும்.

"அப்ப மதுரை டாக்டருகிட்டக் காட்டவாண்ணே? ஏதோ மாத்திரை குடுக்குறாராம். அதைச் சாப்பிட்டுட்டுக் குடிச்சா வாந்தி வந்துருமாம்."

கோட்டைச்சாமி நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "மாத்திரையா! குடி ஈரலை மட்டுந்தான் ஆச்சி தின்னும். இங்கிலீஷ் மருந்து ஆளையே தின்னுரும். எங்க சித்தப்பா மகன் ஒருத்தன் அந்த மாத்திரையைத் தின்னுப்புட்டு..."

"ஐயையோ, செத்துட்டாரா?"

"இல்ல. நல்லாத்தான் இருக்கான். ஆனா முன்ன மாதிரி பேச்சுத் துணைக்கு ஆக மாட்டேங்குறான்."

சாலா ஆச்சி விடவில்லை. "ஓடைக்கரையில திருட்டுத்தனமாக் காய்ச்சுறதைக் குடிச்சுக்கிட்டுத் திரிஞ்ச மருது, பஜனை மடத்துக்குப் போயே விட்டுட்டானே. சாயங்காலமானா ஜால்ராவும் கையுமா உக்காந்துர்றான்."

"டிரைவரும் முதலாளியும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து ஜால்ரா தட்டவா? ஊரு சிரிக்கும்!" என்று நாகநாதன் முதல் ஆளாகச் சிரித்தார்.

"ஒருத்தருக்குச் சாமி, ஒருத்தருக்கு மருந்து, இன்னொருத்தருக்குப் பாட்டு. எதுல நின்னா என்னண்ணே? மனுசன் நின்னாச் சரிதானே?"

"அப்படிச் சொல்லாதீக ஆச்சி. அவுக குடியை விடணுங்கிறதுல எங்களுக்கு மறுபேச்சே கிடையாது. ஆனா வழி சரியா இருக்கணும்." நாகநாதனுக்கு வகுப்பறைக் குரல் வந்துவிட்டது. "கொஞ்சங் கொஞ்சமாக் குறைக்கிறதுதான் சரியான வழி. அஞ்சாறு வருசம் ஆனா ஆகட்டுமே, என்ன அவசரம்? வீட்டுல இருப்பு மட்டும் குறையவே கூடாது. இல்லைன்னு தெரிஞ்சாத்தான் மனசு அலையும்."

"மனோதத்துவம்!" என்று தலையாட்டினார் கோட்டைச்சாமி.

அஞ்சாறு வருசமா? அதுவரை சிட்டாளை யார் கேட்டு வருவார்கள்? சாலா ஆச்சி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டபோது வாசலில் கார் வந்து நின்றது.

செட்டியார் நெற்றியில் குங்குமம், கையில் மருந்துப் பொட்டலம். "வாங்க, வாங்க. நீங்களும் இருக்கிறது நல்லதாப் போச்சு" என்று சிநேகிதர்களுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"எங்க போயிட்டு வாரீக?" என்றாள் சாலா ஆச்சி.

"திருக்கோஷ்டியூர்ப் பெருமாள் முன்னாடி சத்தியம் பண்ணினேன். அங்கேயிருந்து மதுரைக்குப் போயி டாக்டரைப் பார்த்து மாத்திரை வாங்கினேன். சாயங்காலம் மருதுகூட பஜனை மடத்துக்குப் போறேன்."

"மூணுமா?" நாகநாதன் முகம் சுளித்தார். "ஏதாவது ஒரு கொள்கையில உறுதியா நிக்க வேணாமா செட்டியாரே?"

"எதுக்கு நான் மசிவேன்னு எனக்கே தெரியாது வாத்தியாரே. எது மசிய வைக்குதோ வைக்கட்டும். எம்மக எங்கூடப் பேசணும், அவ்வளவுதான்."

உள்கதவுக்குப் பின்னாலிருந்து சிட்டாளின் குரல் வந்தது. "அப்பச்சி, காப்பி கொண்டாரவா?"

செட்டியார் சட்டென்று கதவுப் பக்கம் திரும்பினார். "கொண்டா ஆத்தா. இன்னொண்ணும் பண்ணியிருக்கேன் சாலா. மதுரையில ஆபீஸுக்குப் போயி என் பெர்மிட்டைத் திருப்பிக் குடுத்துட்டேன்."

மதுவிலக்கு அமலில் இருந்த காலம் அது. குடிக்காவிட்டால் இவர் உடம்பு தாங்காது என்று டாக்டர் எழுதிக்கொடுத்தால் மட்டுமே சர்க்கார் பெர்மிட் தரும். பெர்மிட் இருந்தால்தான் கடையில் பாட்டில் தருவார்கள். அவர்கள் ஊரான கொத்தமங்கலத்திலேயே அது செட்டியார் ஒருவரிடம்தான் இருந்தது.

சாலா ஆச்சி மேலே பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். பிறகு சிநேகிதர்களையும் நன்றியோடு திரும்பிப் பார்த்தாள்.

நாகநாதனின் முகம் வெளுத்துப் போயிருந்தது. "அதைக் குடுக்குறதுக்கு முன்னாடி எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா செட்டியாரே?" என்றார் ஈனக்குரலில்.

"அவுகளுக்கென்ன வாத்தியாரே, கரையேறிட்டாக!" என்று தலையில் கைவைத்துக்கொண்டார் கோட்டைச்சாமி. "இனிமே பொழுது சாஞ்சா நாம ரெண்டு பேரும் குடிக்கிறதுக்கு எங்குட்டுப் போறது?"