மங்கிய ரோஸுக்கு ஜோடி

வெள்ளிக்கிழமை மனைவி வருகிறாள், முதல் தடவையாக இந்த நாட்டுக்கு. அதற்குள் அறை தயாராக வேண்டும். சுவருக்கு மங்கிய ரோஸ் என்று அவள் சொன்னதை அவன் தட்டாமல் ஏற்றுக்கொண்டான். கதவுச் சட்டத்துக்குச் சாம்பல் நிறம் என்று அவன் சொன்னதற்குத்தான் மூன்று வாரமாகப் போனில் மல்லுக்கட்டு. இன்றும் அதே கதை.

"ரோஸுக்குப் பக்கத்துல சாம்பல் அழுது வடியுங்க."

"பெயின்ட் வாளியத் தூக்கிட்டு நாலு மாடி ஏறினவன் நான். நீ அங்க காலாட்டிக்கிட்டு உத்தரவு போடு!"

போனை வைத்துவிட்டு, பொருமிக்கொண்டே சட்டத்தின் பழைய வெள்ளையைச் சுரண்டினான். அடியில் சாம்பல் தெரிந்தது. ஒட்டிய சுவரையும் சுரண்டினான். அங்கே அதே மங்கிய ரோஸ். அதன்மேல் பென்சிலால், தமிழில், "சாம்பள் வேணாம்" என்று எழுதியிருந்தது. ல வரவேண்டிய இடத்தில் ள போடுவது அவள் பழக்கம். கையெழுத்தும் அவளுடையதுதான்.

பயத்தை முந்திக்கொண்டு கோபம் வந்தது. மறுபடி போன் போட்டான். எழுத்தைப் பற்றி மூச்சுவிடவில்லை.

"சரி தாயே, சாம்பல் வேணாம். வேற என்னதான் அடிச்சுத் தொலைக்கணும்?"

அவள் வெடித்தாள். "எத்தனை தடவைங்க எழுதி வைக்கிறது? இன்னும் கொஞ்சம் கீழ சுரண்டிப் பாருங்க!"