தோளில் உதிர்ந்தது

இருபத்தாறு நாளாகச் சின்னவளின் தலை பெரியவளின் கையில்தான் இருந்தது. அழகு நிலையத்து நாற்காலியில் தங்கையைச் சாய்த்து, மருந்து ஷாம்பூவைத் தேய்த்து, நன்றாக ஊறவிட்டு அலசிக்கொண்டிருந்தாள்.

"கண்ணைத் திறக்காத, எரியும்."

"அரிப்பு போயிடுச்சுக்கா. போதுமே."

"போதுமா போதாதான்னு நான் சொல்றேன். இது என் தொழில்."

வீம்பு மட்டுமல்ல, பெரியவளுக்குப் பயமும் இருந்தது. நிலையத்தில் கூட்டம் குறைந்துபோன நேரம். சின்னவளின் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. அந்த அலுவலக வேலையை வாங்கிக் கொடுத்தவளே மேனேஜரின் மனைவிதான். பெரியவளிடம் பல வருடங்களாக முடி வெட்டிக்கொள்பவள்.

இந்த மாதத் தொடக்கத்தில் இதே நாற்காலியில் உட்கார்ந்து அந்தம்மா சொன்னாள்: "தப்பா எடுத்துக்காதீங்க. உங்க தங்கச்சி தோள்ல மாவு சலிச்ச மாதிரி இருக்காம். பக்கத்துல உட்காரவே எல்லாரும் யோசிக்கறாங்களாம். மாசக் கடைசிக்குள்ள சரியாச்சுன்னா வேலையை நிரந்தரமாக்கறேன்னு வீட்டுக்காரரு சொல்றாரு. இல்லன்னா அவராலயும் ஒண்ணும் பண்ண முடியாதாம்."

எழுந்து போகும்போது ஒரு சிரிப்பு வேறு. "ஊர்த் தலையெல்லாம் பார்க்கறீங்க, வீட்டுத் தலையை விட்டுட்டீங்களே!"

அந்தச் சிரிப்பு பெரியவளின் காதில் இன்னும் ஒலித்துக்கொண்டிருந்தது. ஈர முடியைத் துவட்டி, வகிடு வகிடாகப் பிரித்து, பூதக்கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தாள். சொறிந்து சொறிந்து புண்ணாகியிருந்த இடமெல்லாம் ஆறியிருந்தது. செதில் ஒன்றுகூட இல்லை.

"பளிங்கு மாதிரி இருக்குடி!"

"திரும்ப வராதா?" சின்னவள் கேட்டாள்.

"ஒழுங்கா அலசினா வராது. பயப்படாத."

ஆனால் மறுநாள் சாயங்காலம் சின்னவள் வேலை முடிந்து வந்தபோது, கறுப்புச் சட்டையின் இரண்டு தோளிலும் வெள்ளை வெள்ளையாக உதிர்ந்திருந்தது. நேற்று பெரியவள் தன் கண்ணாலேயே பார்த்த தலை!

"பொடுகை வச்சுக்கிட்டு எவளாவது கறுப்பு போடுவாளா? ஊருக்கே தண்டோரா போடறியா?"

"இதைத்தாங்கா இஸ்திரி போட்டு வச்சிருந்தேன்."

"ஆபீஸ்ல என்ன சொன்னாங்க?"

"பனிமழைன்னு பேர் வச்சிருக்காங்க." சொல்லிவிட்டுச் சின்னவள் சிரித்தாள். பெரியவளுக்குத்தான் அழுகை முட்டியது.

அவள் உடை மாற்றியதும் பெரியவள் அந்தச் சட்டையை வாளித் தண்ணீரில் முக்கினாள். சோப்பு போடுவதற்கு முன்பே மெல்லிய நுரை கட்டியது. வாளியைச் சரியாகக் கழுவவில்லை போலிருக்கிறது என்று நினைத்தபடியே கசக்கினாள். மனசு மாசக் கடைசியைச் சுற்றிக்கொண்டிருந்தது.

புதன்கிழமை மேனேஜரின் மனைவி போன் செய்தாள்.

"என்னங்க, இன்னும் கொட்டுதாமே?"

"சரியாயிடுச்சுங்க. நானே பார்த்தேன்."

"அப்ப அவரு பொய் சொல்றாராக்கும்! வெள்ளிக்கிழமையோட மாசம் முடியுது. அதுக்கு மேல என்கிட்ட வந்து நிக்காதீங்க."

அன்றும் அடுத்த நாளும் பெரியவள் தூங்கவில்லை. மருந்துக் கடைக்காரரிடம் கேட்டாள்; சீப்பையும் தலையணை உறையையும் வெந்நீரில் போட்டு எடுத்தாள்; தன் கைராசியையே நொந்துகொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை நிலையத்தைத் திறக்கப் படியிறங்கியவள், சாவியை மறந்துவிட்டதால் திரும்ப ஏறினாள். அறைக் கதவு ஒருக்களித்திருந்தது.

கண்ணாடி முன்னால் சின்னவள் நின்றிருந்தாள். மேசையில் விரித்த காகிதத்தின் மேல் ஒரு வெள்ளை சோப்பும், கேரட் துருவுகிற துருவியும் இருந்தன. துருவலைச் சிட்டிகை சிட்டிகையாக எடுத்து வகிட்டில் தூவி, கறுப்புத் தோளில் தட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். பொட்டு வைத்துக்கொள்பவளைப்போல அத்தனை கவனம்.

"அடிப்பாவி!" பெரியவள் பாய்ந்து அவள் கையைப் பிடித்தாள். துருவல் தரையெல்லாம் சிதறியது. "உன் தலை எப்பவோ சரியாயிடுச்சு! நான் இங்க பைத்தியக்காரி மாதிரி மருந்து தேடி அலையறேன், நீ சோப்பைத் துருவிக்கிட்டு இருக்கியா? இன்னிக்குத்தாண்டி கடைசி நாள். வேலை போயிடும், தெரியுமில்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா? எல்லாரும் விலகி உட்கார்றாங்க, கேலி பண்றாங்க. உனக்கு உறைக்கவே இல்லையா?"

சின்னவள் முழங்காலிட்டு, சிதறியதைக் காகிதத்தில் கூட்டி எடுத்தாள். பாதி மறுபடியும் கீழே விழுந்தது.

"வாயைத் திறந்து சொல்லு. அந்தம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"நிஜமாவே பொடுகு வந்தப்பதாங்கா கண்டுபிடிச்சேன்."

"என்னத்தைக் கண்டுபிடிச்ச?"

சின்னவள் நிமிர்ந்தாள்.

"தோள்ல இது கிடந்தா, மேனேஜர் அங்க கை வைக்கறதில்லக்கா."