கன்னச் சிவப்பு

மேடையில் நடந்த நாடகத்தைப் படம்பிடித்திருந்தார்கள். கதாநாயகி தன் மனைவி இன்பவல்லி என்பதால், நிறம் சரிசெய்யும் வேலையைத் தணிகைவேல் தானே கேட்டு வாங்கிக்கொண்டான். நான்காம் காட்சியில், அவள் தலையில் ஒட்டியிருந்த சருகைக் கதாநாயகனாக நடிக்கும் ஞானசேகர் எடுத்துப் போடுகிறான். அவ்வளவுதான். அந்த நொடியில் அவள் கன்னத்தில் சிவப்பு ஏறுகிறது. முந்தைய ஷாட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். விளக்கும் மாறவில்லை, அரிதாரமும் மாறவில்லை.

"சிவப்பு தூக்கலா இருக்கே, குறைச்சிடட்டுமா?" என்று இயக்குநரைப் போனில் கேட்டான்.

"ஐயோ, கை வச்சிடாதீங்க தணிகை! நாடகமே அதுலதான் நிக்குது. நடிச்சா வராதுங்க அதெல்லாம்."

இன்பவல்லியிடம் கேட்டதற்குச் சிரித்தாள். "அந்த லைட்டுக்குக் கீழ நின்னு பாருங்க, சூட்டுல நீங்களும்தான் சிவப்பீங்க."

அப்படித்தான் இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, ஒப்பிட்டுப் பார்க்கத் தங்கள் கல்யாண வீடியோவைத் திறந்தான். அங்கேயும் ஹோமத்தீ, முகத்துக்கு நேரே வீடியோக்காரரின் விளக்கு. தாலி கட்டும் இடத்தில் நிறுத்தினான். கன்னம் எப்போதும்போல் மாநிறமாகவே இருந்தது. மாலை மாற்றும்போதும் அப்படியே. மெட்டி போடும்போதும்.

சாயங்காலம் இயக்குநர் வந்து எட்டிப்பார்த்தபோது, நான்காம் காட்சியிலிருந்து எடுத்த சிவப்பைத் தாலிக்குக் குனிந்திருந்த அந்தக் கன்னத்தில் ஒவ்வொரு ஃப்ரேமாக ஏற்றிக்கொண்டிருந்தான்.

"அட, இன்பா அன்னிக்கே இப்படித்தான் சிவந்திருக்கா!" என்றார் அவர்.

"ஆமா" என்றான் தணிகைவேல், திரும்பாமலேயே.