கூட ஒருவர்

“அந்த ஆளப் பாத்தியா? ஒவ்வொரு தடவையும் வேற பொம்பளயோட ஏறுறான்!”

ரபீக் முகத்தைச் சுளித்தார். கல்வராயன் மலை அடிவாரத்து தீம் பார்க்கில் காணும் பொங்கல் கூட்டம். ஆடும் கப்பலுக்கு எதிரே இருந்த சிமென்ட் பெஞ்சில் அவர் உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான், எழுந்திருக்கவே இல்லை.

“அவங்கள ஏன் பாத்துக்கினு இருக்கறீங்க? வாங்க, நாம ஒரு தடவ ஏறுவோம்” என்றாள் மனைவி ருக்சார்.

“முதுகு வலிம்மா. நீ மாஹிராவ இட்டுக்கினு போ.”

முதுகுக்கு ஒன்றுமில்லை. கள்ளக்குறிச்சியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் மனுஷர். அண்டாவைத் தலையில் வைத்துக்கொண்டு மாடி ஏறுவார். பயம், அவ்வளவுதான். கப்பல் மேலே போகும்போதெல்லாம் கீழே இருந்த அவர் பெஞ்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

ஆனாலும் மணிக்கட்டில் மஞ்சள் பட்டை ஒட்டியிருந்தது. வரிசையில் நிற்காமல் நேரே உள்ளே விடும் பாஸ் அது. விலை கொஞ்சம் ஜாஸ்தி. கட்டியவரும், கூட ஒருவரும் போகலாம். மனைவி மகளுக்கு ஒன்று போதும். தனக்கு வாங்காவிட்டால் பயந்தாங்கொள்ளி என்று தெரிந்துவிடுமே என்று இன்னொன்றும் வாங்கிவிட்டார். இந்தத் தடவையாவது கூட ஏறுவார் என்று ருக்சார் சந்தோஷப்பட்டதுதான் மிச்சம்.

அவள் மகளைக் கூட்டிக்கொண்டு ராட்டினத்துக்குப் போனாள்.

கப்பல் நின்றது. அந்த ஆள் தள்ளாடி இறங்கி வந்து, ரபீக் பக்கத்திலேயே தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கூட வந்த பெண் சிரித்துக்கொண்டே தன் கூட்டத்தைப் பார்த்து ஓடினாள்.

ரபீக்குக்குப் பொறுக்கவில்லை.

“எந்த ஊருப்பா?”

“வடக்கனந்தலுங்க. பேரு பச்சமுத்து. கள எடுக்க ஆளு இட்டுக்கினு போற மேஸ்திரி.”

“நீ இங்க பண்றதெல்லாம் வூட்ல தெரியுமா?”

“தெரியாம இன்னாங்க? மொதல்ல ஏத்துனதே எம்பொண்டாட்டியதான். இப்ப ஒவ்வொருத்தரா அனுப்பி வுடறதும் அவதான்.”

ரபீக் அவரை ஏற இறங்கப் பார்த்தார். அப்போதுதான் அவர் கையிலும் மஞ்சள் பட்டை இருப்பது கண்ணில் பட்டது.

“கள எடுக்கற பொம்பளைங்களும் நானும் காசு போட்டு வாங்குனோம் பாய். ஒரு வேன் பேசுனா எல்லாரும் ஏறிக்கிறோம் இல்ல? அந்த மாரி, ஒரு பாஸு ஒரு கூட்டத்துக்குன்னு நெனச்சிட்டேன். கையில ஒட்டுனப்புறம் சொல்றாங்க, கூட ஒருத்தர்தானாம். அவுத்து அடுத்தவங்களுக்குக் கட்டுனா செல்லாதாம்.”

“அதுக்கு?”

“அவங்க காசாச்சே! நானே ஒவ்வொருத்தரா இட்டுக்கினு ஏறுறேன். மேல போனாலே எனக்குக் கொடலு வாய்க்கு வருதுங்க.”

சொல்லும்போதே வந்துவிட்டது. செடி மறைவுக்கு ஓடினார். திரும்பி வந்தவரால் நிற்க முடியவில்லை.

வெளியே வேன்காரர் ஹாரன் மேல் ஹாரன் அடித்தார். இன்னும் மூன்று பேர் பாக்கி. சாதா வரிசையோ டிக்கெட் கவுன்ட்டர் வரைக்கும் நீண்டிருந்தது.

“வுடு மேஸ்திரி, பாத்ததே போதும்” என்றாள் மூவரில் மூத்தவளான குஞ்சம்மாள். வாய்தான் அப்படிச் சொன்னது. கண் கப்பலை விட்டு நகரவில்லை.

ரபீக் தன் மணிக்கட்டைப் பார்த்தார். காலையிலிருந்து சும்மா கிடந்த பட்டை. இந்த மனுஷரையா அப்படி நினைத்தோம் என்று வெட்கமாக இருந்தது. ‘பிஸ்மில்லாஹ்’ சொல்லி எழுந்தார்.

“வாங்கம்மா. என் பாஸ்ல கூட ஒருத்தர் வரலாம். யாரு மொதல்ல?”

குஞ்சம்மாள் முந்திக்கொண்டாள். மரியாதைக்கு ஓர் ஆள் இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தார் ரபீக். கப்பல் உயர்ந்ததும் “யா அல்லாஹ்!” என்று அவர் போட்ட சத்தத்தில் வரிசையில் நின்றவர்கள் எல்லாம் அண்ணாந்து பார்த்தார்கள்.

“கண்ணத் தொறங்க பாய்! மலையே ஊஞ்சலாடுது பாருங்க!”

திறந்தார். கல்வராயன் மலை ஒரு பக்கமாகச் சாய்ந்து, மறுபடி நிமிர்ந்தது. பயம் போகவில்லை. ஆனால் சிரிப்பும் வந்துவிட்டது.

இறங்கியதும் அடுத்தவளோடு ஏறினார். பிறகு மூன்றாமவளோடு.

மூன்றாவது முறை இறங்கும்போது படிக்கட்டின் கீழே ருக்சார் நின்றுகொண்டிருந்தாள். பச்சமுத்து எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்.

“இன்னாங்க, முதுகு வலி போயிடுச்சா?”

“முதுகுக்கு ஒண்ணுமில்ல ருக்சார். பயம்.”

“நிக்காஹ் ஆன வருஷமே தெரியும். என்னிக்கித்தான் வாயத் தொறந்து சொல்றீங்கன்னு பாத்தேன். வாங்க.”

கையைப் பிடித்தாள். இன்னும் ஒரு தடவையா என்று அவர் கப்பலை அண்ணாந்து பார்த்தார். ஆனாலும் கையை விடுவித்துக்கொள்ளத் தோன்றவில்லை. “போங்க அத்தா, போங்க!” என்று மாஹிரா குதித்தாள். வேனுக்கு ஓடிக்கொண்டிருந்த குஞ்சம்மாளும் திரும்பி நின்று கை தட்டினாள்.

அவர் உட்கார்ந்திருந்த அதே பெஞ்சில் இப்போது வேறொருவர், கையில் ஜூஸோடு. ரபீக்கும் ருக்சாரும் கைகோத்துக்கொண்டு படியேறுவதைப் பார்த்துவிட்டு, முகத்தைச் சுளித்து மனைவியிடம் சொன்னார்:

“அந்த ஆளப் பாத்தியா? ஒவ்வொரு தடவையும் வேற பொம்பளயோட ஏறுறான். இது நாலாவது!”