கண்ணாடியில் பார்த்த படங்கள்

சலூன்காரர் டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து படம் பார்த்துக்கொண்டிருந்தார்.

எதிரே மேசைமேல், கடையிலிருந்து கொண்டுவந்த கண்ணாடி சுவரில் சாய்ந்து நின்றது. சட்டம் ஆடுகிறது, வீட்டில் வைத்து ஒட்டிவிடுகிறேன் என்று சொல்லி கிறிஸ்துமஸ் விடுமுறையின் முதல் நாளே தூக்கி வந்திருந்தார். சட்டம் இன்னும் ஆடிக்கொண்டுதான் இருந்தது.

டிவியில் சத்தம் இல்லை. வைத்தாலும் அவருக்கு ஒன்றுதான்.

ஒரு வருடமாக மந்தமாகிக்கொண்டே வந்த காது, சென்ற மாதக் காய்ச்சலோடு ஒரேயடியாகக் கதவைச் சாத்திக்கொண்டது. கருவி வைத்தாலும் பயனில்லை என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். வீட்டில் அதை அவர் சொல்லவில்லை. காது அடைத்திருக்கிறது, சரியாகிவிடும் என்று மழுப்பி வைத்திருந்தார்.

நாளை காலை கடையைத் திறக்க வேண்டும்.

சலூனில் கத்தரிக்கோல் பாதி வேலைதான் செய்யும். மீதியைப் பேச்சு செய்யும். நாற்காலியில் உட்காருகிறவர் கண்ணாடியைப் பார்த்துத்தான் பேசுவார். பின்னால் நிற்கிறவர் அதே கண்ணாடியில் அந்த உதடுகளைப் படித்துவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம்.

கோட்டைவிட்டால், ஓரம் மட்டும் எடுக்கச் சொன்னவர் மொட்டைத் தலையோடு எழுந்து போவார். தெருவெல்லாம் தெரிந்துவிடும். பாவம் என்பார்கள். அந்த ஒரு சொல்லை மட்டும் யார் உதட்டிலும் படிக்க அவர் தயாராக இல்லை.

ஆகவே விடுமுறை முழுக்க மனிதர் ஒற்றைக்காலில் நின்றார்.

காலையில் மூன்று செய்தித்தாள்களை வரி விடாமல் படித்தார். ஊர் பேசப்போவதில் பாதி அதில் ஏற்கெனவே அச்சாகியிருக்கும். விஷயம் தெரிந்திருந்தால், கண் தவறவிட்டதைத் தலை பிடித்துக்கொள்ளும்.

மத்தியானம் ஒரு தடித்த துப்பறியும் நாவல். கொலையாளி யார் என்பதில் அவருக்கு அக்கறையே இல்லை. ஆட்கள் பேசிக்கொள்ளும் இடங்களை மட்டும் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்து, தன் உதடு போகும் போக்கைக் கவனித்தார். சத்தமில்லாமல் சொல்வதாகத்தான் அவர் நினைப்பு.

சாயங்காலம் படங்கள். அவற்றைப் பற்றி அவரிடம் தனி விமர்சனமே இருந்தது. கதாநாயகர்கள் உருப்படமாட்டார்கள், எல்லாரும் வாய்க்குள்ளேயே மெல்லுகிறார்கள். வில்லன்கள்தான் ஒவ்வொரு சொல்லையும் திருத்தமாகச் சொல்கிறார்கள். காதல் காட்சிகள் படுமோசம். முகத்தை முகத்தில் புதைத்துக்கொண்டால் பார்க்கிறவன் என்ன செய்வான்?

செய்தியில் வந்த மந்திரி ஒருவரின் மீசை மேலுதட்டை மொத்தமாக மூடியிருந்தது. அதைக் கொஞ்சம் என் கையில் விட்டால் இவர் சொல்வது நாட்டுக்கே புரியும் என்று சலூன்காரர் நினைத்துக்கொண்டார்.

ஒரு நாள், படம் முழுக்க ஒரு சொல்கூட அகப்படவில்லை. அன்று அவர் இடிந்துபோய்விட்டார், சாப்பாடுகூட இறங்கவில்லை. மறுநாள் பேப்பரைப் பார்த்தபோதுதான் அது மொழிமாற்றுப் படம் என்று தெரிந்தது. பேப்பரை மடித்து வைத்துவிட்டு அடுத்த படத்தைப் போட்டார்.

மனைவியிடம் மட்டும் அவர் ஒருமுறைகூடத் தோற்கவில்லை.

இந்த விடுமுறையில் அவள் ஓயாமல் பேசினாள். சமையலறையிலிருந்தே குரல் கொடுக்கிறவள், இப்போது விளக்குக்கு நேர்கீழே வந்து நின்று கேட்டாள். டீயா காபியா, பேப்பரில் என்ன விசேஷம், இந்தப் படத்தில் யார் நல்லவன். அவர் ஒவ்வொன்றுக்கும் டாண் டாண் என்று பதில் சொன்னார். ஆள் வீட்டில் இருக்கிற சந்தோஷம் போலும் என்று நினைத்தார்.

இரவல் வாங்கிய குடையைத் திருப்பிக் கொடுக்க வந்த பக்கத்து வீட்டுக்காரி, வாசலில் நின்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். குடையைக் கொடுக்காமலே போய்விட்டாள். தலைக்கு அடித்த சாயம் திட்டுத்திட்டாக இருக்கிறதோ என்று அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

இப்போது மனைவி டிவிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். கண்ணாடியில் அவள் உதடுகள் அசைந்தன. படத்தில் வீட்டைவிட்டுப் போன மூத்த மகன் திரும்பி வருவானா என்று கேட்டாள்.

வராமல் எங்கே போவான், இன்னும் அரைமணி நேரப் படம் பாக்கியிருக்கிறதே என்றார் அவர். அவள் சிரித்தாள். அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. நாளைக்குக் கவலையில்லை.

அப்போதுதான் மகள் உள்ளறையிலிருந்து வந்தாள். வெளியூரில் வேலை பார்க்கிறவள், அன்று மத்தியானம்தான் வந்திருந்தாள். ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே வந்தவள் கதவருகில் அப்படியே நின்றாள். அவள் முகமும் கண்ணாடியில் விழுந்தது.

"என்னம்மா, நீ சத்தமே இல்லாம வாயை மட்டும் அசைக்கிற, அப்பா பாட்டுக்குப் பதில் சொல்லிட்டிருக்காரு?"

ஒரு சொல் தப்பாமல் படித்துவிட்டார்.

குடையோடு திரும்பிப் போனவளின் முகம் நினைவுக்கு வந்தது. விளக்கின் கீழே வந்து வந்து நின்றவளின் முகமும்.

மெல்லக் கண்ணை உயர்த்தி மனைவியைப் பார்த்தார். அவர் பயந்த அந்தச் சொல் அவள் முகத்தில் எங்கேயும் இல்லை.

அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். கண்ணாடிக்கு எதிரே, அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டாள்.

அவர் எழுந்து அவள் பின்னால் போய் நின்றார்.

அவள் உதடுகள் அசைந்தன. இந்த முறை தயவு தாட்சண்யமே இல்லை, அவ்வளவு வேகம்.

"ஓரம் மட்டும் எடுங்க, மேல கை வைக்காதீங்க. நேத்துப் படம் பாத்தீங்களா?"

பார்த்தேன் சார், வில்லன் பிரமாதம் என்று சொல்லிக்கொண்டே சலூன்காரர் சீப்பை எடுத்தார்.