வீட்டுக்கார அம்மாவின் தூக்குவாளி

அஞ்சலாட்சி இன்றைக்கும் காலித் தூக்குவாளியோடு மாடிப்படி ஏறுவதைப் பார்த்ததும் சரிதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அஞ்சலாட்சி வீட்டுக்காரி. பின்கட்டில் குடியிருப்பவள் சரிதா. மாடி அறைக்குப் புதிதாய் வந்திருப்பவள் மெரின். பெற்றவர்கள் முகம் தெரியாத பெண். பதினெட்டு முடிந்ததும், அவளை வளர்த்த ஹோம் சிஸ்டர்களே தட்டாஞ்சாவடி சோப்புக் கம்பெனியில் பேக்கிங் வேலை பிடித்துக் கொடுத்து, இங்கே குடிவைத்துவிட்டுப் போனார்கள்.

பகல் முழுக்க நின்ற கால் வீங்க வேலை செய்துவிட்டு வந்து அந்தப் பெண் ஆக்குகிற சோற்றில் இந்த அம்மாவுக்குப் பங்கு!

முதல் நாள், "கேஸ் தீந்துபோச்சு பாப்பா" என்றாள். அடுத்த நாள் கைவலி. அப்புறம் காரணம் சொல்வதைக்கூட விட்டுவிட்டாள். கூசாமல் வாளியை நீட்டுகிறாள்.

கேஸ் தீர்ந்ததாம்! அதற்கு முந்தின நாள்தான் சிலிண்டர் வந்தது. வாங்கி வைத்தவளே சரிதாதான்.

போதாக்குறைக்குக் குற்றம் குறை வேறு. மாடியிலிருந்து குரல் நன்றாகவே கேட்டது.

"நேத்து சாம்பார்ல உப்பு கரிச்சுது. இன்னிக்காவது பாத்துப் போட்டியா?"

"போட்டேன் ஆன்ட்டி."

"அரிசி இவ்ளோ எதுக்கு? நாளைக்கி இன்னும் கொஞ்சம் கம்மியா வையி."

ஓசியில் தின்பவளுக்கு வாயைப் பார்! நிறைந்த வாளியோடு அஞ்சலாட்சி இறங்கி வந்ததும் சரிதா வழியை மறித்தாள்.

"இன்னாக்கா, உங்க வூட்டு அடுப்பு இன்னும் எரியலியா?"

"உனக்கு இன்னாடி இப்ப?"

"நாதியில்லாத பொண்ணு சோறுக்கா அது. எப்பிடித் தொண்டையில எறங்குது? சிஸ்டர் நம்பர் எங்கிட்ட இருக்குது. ஒரு போன் போட்டா போதும், நாளைக்கே வேற எடம் பாத்துக் கூட்டிட்டுப் போயிடுவாங்க."

சொன்னதோடு நிற்கவில்லை. போனையும் எடுத்துவிட்டாள்.

அஞ்சலாட்சி பதறிப்போனாள். சரிதாவின் கையைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"கத்தாதடி, அவளுக்குக் கேட்டுடப் போவுது. வந்த புதுசுல மேல போய்ப் பாக்கறேன், குண்டான் நெறைய சாம்பார முன்னால வச்சிக்கிட்டு அழுதுக்கிட்டிருக்கா. ஹோம்ல அவளுக்குச் சமையக்கட்டு வேலயாம். அறுபது பேருக்குத்தான் ஆக்கத் தெரியுமாம். கை பழக்கத்துல உப்ப அள்ளிப் போட்டுடுது. கரிக்குதேன்னு தண்ணி ஊத்தறா, தண்ணியாயிட்டுதேன்னு பருப்பப் போடறா. சோத்தக் கொட்டக் கூடாதுன்னு சொல்லி வளத்துருக்காங்க. ஊசிப்போனத எல்லாம் துன்னுட்டுக் கெடந்துருக்குடி அந்தப் பொண்ணு!"

"அய்யோ!"

"'எனக்குத் தனியா இருக்கத் தெரியல ஆன்ட்டி, ஹோமுக்கே போயிடறேன்'னுது. பதினெட்டு முடிஞ்சவளுக்கு அங்க ஏதுடி எடம்? அதான் கேஸ் தீந்துபோச்சுன்னு சொன்னேன்."

சரிதா போனை இடுப்பில் செருகிக்கொண்டாள். ஆனாலும் விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

"அரிசி, பருப்பெல்லாம் அவ காசுதான?"

"எங்க நெலத்து அரிசிடி. கீழ எலித் தொல்லன்னு சொல்லி ஒரு மூட்டைய அவ ரூம்ல ஏத்தி வச்சிருக்கேன். பருப்பும் அப்பிடித்தான். எங்க வூட்டுக்காரரு பாவம், அந்தக் கரிப்புச் சாம்பார ஒரு வார்த்த பேசாம துன்னாரு. இப்பப் பரவால்ல. கொறச்சிக் கொறச்சி நாலு பேரு அளவுக்குக் கொண்டாந்துட்டேன். இந்தா, நீயே துன்னு பாரு."

சரிதா ஒரு வாய் எடுத்துப் போட்டாள். உப்பு கச்சிதமாக இருந்தது. இப்படி ஒரு மனுஷியை என்னவெல்லாம் பேசிவிட்டோம் என்று வெட்கமாகவும் இருந்தது, காரணம் புரியாமல் சந்தோஷமாகவும் இருந்தது.

"அப்பிடின்னா கூடிய சீக்கிரம் ஒரு ஆளுக்கு ஆக்கக் கத்துக்கும்க்கா."

"அத மட்டும் நான் கத்துக்குடுக்க மாட்டேன்."

"ஏங்க்கா?"

"ஒரு ஆளுக்கு ஆக்கப் பழகிட்டா அப்புறம் ஒத்தையில உக்காந்துதான துன்னணும்? நாளையிலருந்து வாளி வேணாம், மேலயே உக்காந்து சாப்புடப் போறேன். உன் வூட்டுலயும் கேஸ் தீந்துபோச்சுன்னு சொல்லிட்டு ஒரு தட்ட எடுத்துக்கிட்டு வந்துடு."