டேங்க் நிறைந்த வண்டி

ஞானதுரை காரின் பெட்ரோல் டேங்க்குக்கு இருப்புக் கொள்ளவில்லை. "மைலேஜ் எவ்வளவுன்னு பார்த்துட்டு குற்றாலம் போவோம்" என்று அவர் சொல்லிச் சொல்லியே சாரல் காலம் முடியப்போகிறது.

இன்றும் பங்க்கில் வண்டியை ஆட்டி ஆட்டிக் கழுத்துவரை நிரப்பினார். பைபாஸில் ஏறினார்.

"கிளம்பியாச்சுண்ணே!" என்று துள்ளியது டேங்க்.

"துள்ளாதே, கணக்கு தப்பிடும்" என்றது தூரம் காட்டும் டிரிப் மீட்டர்.

தென்காசி போர்டைக் கண்டதும் வண்டி திரும்பி, அதே பங்க்கில் வந்து நின்றது. மறுபடியும் கழுத்துவரை பெட்ரோல். ஞானதுரை ஓடிய தூரத்தை இப்போது ஊற்றிய லிட்டரால் வகுத்துப் பார்த்து முகம் சுளித்தார். "நேத்தைவிடக் குறையுதே! நாளைக்கும் ஓட்டிப் பார்க்கணும்." பொத்தானை அமுக்கினார். மீட்டர் பூஜ்யத்துக்கு வந்தது.

டேங்க்குக்குப் பொறுக்கவில்லை. "இவ்வளவு ஓடினோமே, எங்கண்ணே போனோம்?"

"ஓடினோமா?" என்றது மீட்டர். "நாம இன்னும் கிளம்பவே இல்லையேப்பா!"